சுயாதீனக் கத்தோலிக்கக் குருமடத்தில் படித்தால் குருவாக முடியுமா?

கேள்வி இதுதான்: 42 வயது, திருமணமானவர், பிள்ளைகள் உண்டு, முழுநேர வேலை. பீடத்தில் நின்று திருப்பலி நிறைவேற்ற வேண்டும் என்ற ஆசை சிறுவயதிலிருந்தே விடவில்லை. உரோமையின் ஆட்சிக்குள் வராத ஒரு கத்தோலிக்கச் சபை, வீட்டிலிருந்தே படிக்கும் குருமடப் படிப்பு நடத்துகிறது. இரண்டாம் ஆண்டில் திருத்தொண்டர் (குருவுக்கு முந்தைய நிலை), மூன்றாம் ஆண்டில் குரு என்று கடிதம் எழுதியிருக்கிறார்கள். இந்தப் படிப்பு உண்மையானதா, இந்தக் குருத்துவம் செல்லுமா?

முதலில் ஒரு முடிச்சை அவிழ்த்துவிடுவோம். குருமடம் யாரையும் குருவாக்குவதில்லை, அது எந்தச் சபையின் குருமடமானாலும் சரி. படிப்பு முடிந்தால் சான்றிதழ் வரும். குருவாக்குவது ஆயரின் கை. ஆயர் அழைக்காவிட்டால் பத்து ஆண்டு படித்தவரும் பொதுநிலையினர்தான். நானே அதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஐந்து ஆண்டு குருமடத்தில் இருந்துவிட்டு வெளியே வந்தவன். அப்புறம் பல ஆண்டுகள், சுயாதீனச் சபைகளில் குருத்துவத்துக்குத் தயாராகிறவர்களுக்கு அஞ்சல் வழியாகவும் பிறகு ஆன்லைனிலும் திருச்சபை வரலாறு சொல்லிக்கொடுத்தேன். அவர்களில் நல்ல குருக்களானவர்களும் உண்டு, அங்கியை மட்டும் வாங்கிக்கொண்டு போனவர்களும் உண்டு. இரண்டு வகையினரும் படித்த பாடப்புத்தகம் ஒன்றுதான். அதனால் நீங்கள் கேட்ட வரிசையை மாற்றிப்போடுகிறேன். எந்தக் குருமடம் என்பது இரண்டாவது கேள்வி. யார் அந்த ஆயர், எந்த மக்களுக்காக உங்கள் தலைமேல் கை வைக்கப்போகிறார் என்பதுதான் முதல் கேள்வி.

சுயாதீனக் கத்தோலிக்கம் என்பது ஒரே சபையின் பெயர் இல்லை. அது ஒரு பெரிய குடும்பம், அதில் பாதிப்பேர் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. பொதுவாக இருப்பவை மூன்று: ஆயர்–குரு–திருத்தொண்டர் என்ற மூன்று நிலை, ஏழு அருளடையாளங்கள், தங்கள் ஆயர்கள் திருத்தூதர் வழிமரபில், அதாவது திருத்தூதர்களிடமிருந்து கைமேல் கையாக இறங்கி வந்த தொடரில், வந்தவர்கள் என்ற உரிமைகோரல். திருத்தந்தையின் ஆட்சி அதிகாரத்தை ஏற்பதில்லை. மற்றபடி திருமணமான குருக்கள், பெண்களுக்குக் குருத்துவம், இலத்தீன் திருப்பலி என்று ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சபைக்கும் ஒவ்வொரு வழக்கம்.

இந்தக் குடும்பத்தின் மூத்த வீடு நெதர்லாந்தில் இருக்கிறது. உத்ரெக்ட் நகரின் பேராயர் பெத்ருஸ் கோடே மீது ஜான்சனியக் கொள்கைச் சாய்வு (கடவுளின் அருளைப் பற்றி உரோமை கண்டித்த ஒரு போதனை) என்று குற்றம்சாட்டி, 1702இல் உரோமை அவரைப் பதவியிலிருந்து நிறுத்திவைத்தது. உத்ரெக்டின் குருக்கள் மன்றம், ஆயரைத் தேர்ந்தெடுப்பது தங்கள் பழைய உரிமை என்று வாதாடியது. 1723இல் கொர்னேலியுஸ் ஸ்டீனோவனைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். அவரைத் திருநிலைப்படுத்த, அதாவது கை வைத்து ஆயராக்க, இன்னோர் ஆயர் வேண்டுமே? பாரசீகத்துக்கு அனுப்பப்பட்டு, உரோமையால் பணிநிறுத்தம் செய்யப்பட்டுத் திரும்பியிருந்த பிரெஞ்சு ஆயர் தொமினிக் வார்லே கிடைத்தார். 1724 அக்டோபரில் ஆம்ஸ்டர்டாமில் அவர் ஸ்டீனோவன் மேல் கை வைத்தார். அங்கே ஏற்கெனவே மக்கள் இருந்தார்கள், பங்குகள் இருந்தன, குருக்கள் இருந்தார்கள். இல்லாமல் போனது ஆயர் மட்டும். இதை மறக்காதீர்கள், பின்னால் தேவைப்படும்.

1870இல் முதல் வத்திக்கான் சங்கம் திருத்தந்தையின் வழுவா வரத்தை (அதிகாரபூர்வமாக வரையறுக்கும் போதனையில் அவர் தவறமாட்டார் என்பதை) கோட்பாடாக அறிவித்தபோது, ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் ஆஸ்திரியாவிலும் ஒரு பகுதியினர் ஏற்க மறுத்தார்கள். மியூனிக்கின் புகழ்பெற்ற வரலாற்றறிஞரும் குருவுமான தோலிங்கர் 1871இல் சபைவிலக்கம் செய்யப்பட்டார். ஒரு சுவையான செய்தி: அவர் பெயரைச் சொல்லி எழுந்த பழைய கத்தோலிக்கச் சபையில் அவர் குருவாகப் பணியாற்றவே இல்லை. அந்தச் சபைக்கு உத்ரெக்ட் வழியாகவே ஆயர் மரபு வந்தது. 1873இல் ஜெர்மானியர்களுக்கு ரைன்கன்ஸ், 1876இல் சுவிட்சர்லாந்துக்கு ஹெர்ட்சோக். 1889இல் எல்லாரும் சேர்ந்து உத்ரெக்ட் ஒன்றியம் அமைத்தார்கள்.

இதுவரை கதை ஒழுங்காகப் போகிறது. இதன் பிறகுதான் உங்களுக்குக் கடிதம் எழுதிய சபை போன்றவை பிறக்கும் கதை. இரண்டு பெயர்களை நீங்கள் கட்டாயம் சந்திப்பீர்கள். சுயாதீன ஆயர் யாராவது தன் வழிமரபுப் பட்டியலைக் காட்டினால், கீழிருந்து மேலே போகும்போது பெரும்பாலும் இவர்களில் ஒருவரைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கும்.

ஒருவர் ஜோசப் ரெனே விலாத்தே. அமெரிக்காவின் விஸ்கான்சினில் பெல்ஜியக் குடியேறிகளிடையே வேலை செய்தவர். 1885இல் ஹெர்ட்சோகிடம் குருத்துவம் பெற்றார். ஆயராக வேண்டும் என்று பல கதவுகளைத் தட்டினார், திறக்கவில்லை. கடைசியில் திறந்த கதவு கொழும்பில் இருந்தது. கோவாவைச் சேர்ந்த அல்வாரெஸ், மார் ஜூலியுஸ் என்ற பெயரில் அந்தியோக்கியச் சிரியா மரபின் ஆயராக இருந்தார். அவர் 1892 மே மாதம், கேரளத்தின் மலங்கரை ஆயர்கள் உடனிருக்க, கொழும்பில் விலாத்தேயைத் திருநிலைப்படுத்தினார். அதன் பிறகு விலாத்தே பலரை ஆயர்களாக்கினார், அவர்கள் இன்னும் பலரை ஆக்கினார்கள். விலாத்தே மட்டும் 1925இல் உரோமையோடு ஒப்புரவாகி, வெர்சாய் அருகே ஒரு துறவு மடத்தில் தங்கி, 1929இல் இறந்தார்.

இன்னொருவர் ஆர்னால்டு ஹாரிஸ் மேத்யூ. இங்கிலாந்தில் குருக்களும் மக்களும் ஓர் ஆயருக்காகக் காத்திருக்கிறார்கள் என்ற தகவலின் பேரில், 1908 ஏப்ரலில் உத்ரெக்டில் ஆயரானார். ஊர் திரும்பிப் பார்த்தால் சொன்னபடி கூட்டம் எதுவும் இல்லை. 1910இல் உத்ரெக்டோடு உறவை முறித்துக்கொண்டார். பின்னாளில் உத்ரெக்ட் ஆயர்கள், அந்தத் திருநிலைப்பாடே பொய்த் தகவலால் பெறப்பட்டது என்று மறுத்துவிட்டார்கள். ஆனால் மேத்யூவின் கை அதற்குள் பல தலைகளைத் தொட்டிருந்தது. இன்று உலகில் ‘பழைய கத்தோலிக்க’ என்ற பெயர்ப்பலகை மாட்டிய சிறு சபைகளில் மிகப்பல உத்ரெக்ட் ஒன்றியத்தில் இல்லை, அந்த ஒன்றியம் அவற்றை அங்கீகரிப்பதும் இல்லை. உங்களுக்கு வந்த கடிதத்தில் ‘உத்ரெக்ட் வழிமரபு’ என்று இருந்தால், ‘உத்ரெக்ட் ஒன்றியத்தின் உறுப்பினரா?’ என்று ஒரே வரியில் கேட்டுவிடுங்கள். இரண்டும் வேறு வேறு.

ஸ்டீனோவன் கதைக்கும் மேத்யூ கதைக்கும் என்ன வேறுபாடு? ஒரு பக்கம் மக்கள் இருந்து ஆயரைத் தேடினார்கள். மறுபக்கம் ஆயர் இருந்து மக்களைத் தேடினார். இந்த வேறுபாடு நான் கண்டுபிடித்தது இல்லை. கி.பி. 451இல் கூடிய கால்செதோன் பொதுச்சங்கத்தின் ஆறாம் விதி இதைத்தான் பேசுகிறது: ஒரு நகரக் கோயிலுக்கோ, சிற்றூர்க் கோயிலுக்கோ, மறைச்சாட்சியின் நினைவிடத்துக்கோ, மடத்துக்கோ என்று குறிப்பிடாமல் யாரையும் பொத்தாம்பொதுவாகத் திருநிலைப்படுத்தக் கூடாது. அப்படிக் கை வைக்கப்பட்டவர் எங்கும் பணி செய்யக் கூடாது. 1,500 ஆண்டுகளுக்கு முன்பே ‘எங்களுக்கும் ஒரு குருப்பட்டம் கொடுங்கள், ஊரை அப்புறம் பார்த்துக்கொள்கிறோம்’ என்று கேட்டவர்கள் இருந்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்! அதே சங்கத்தின் இரண்டாம் விதி, காசு வாங்கிக்கொண்டு திருநிலைப்படுத்துவதைத் தடைசெய்கிறது. அதையும் நினைவில் வையுங்கள். படிப்புக்குக் கட்டணம் கேட்பது நியாயம். ‘திருநிலைப்பாட்டுக் கட்டணம்’ என்று தனியாக ஒரு தொகை இருந்தால் அந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிடுங்கள்.

சரி, செல்லுமா செல்லாதா?

கத்தோலிக்க இறையியல் இங்கே இரண்டு சொற்களைப் பிரித்துப் பேசும். ஒன்று, அருளடையாளம் உண்மையிலேயே நிகழ்ந்ததா என்பது. இன்னொன்று, அது சட்டப்படி நடந்ததா என்பது. நான்காம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவில் பிரிந்துபோன தொனாத்தியர்களுக்கு எதிராக, பின்னால் ஆயர் அகுஸ்தினார் எடுத்த நிலைப்பாடு இதற்கு அடிப்படை: பிரிந்துபோனவர் கொடுத்த திருமுழுக்கும் கிறிஸ்துவின் திருமுழுக்கே. போர்வீரனின் உடலில் குத்திய முத்திரை அவன் ஓடிப்போனாலும் அழிவதில்லை. இதை அப்படியே குருத்துவத்துக்கு நீட்டித்தால், செல்லத்தக்க முறையில் ஆயரானவர் சபையை விட்டுப் பிரிந்த பிறகும், திருமுழுக்குப் பெற்ற ஆண் ஒருவர்மேல் சரியான செபத்தோடும் சரியான எண்ணத்தோடும் கை வைத்தால் அது செல்லும், ஆனால் சட்டவிரோதம். சுயாதீனச் சபைகள் நிற்பது இந்த ஒற்றைத் தூணின் மேல்தான். எந்தச் செயல் திருநிலைப்பாட்டை உண்டாக்குகிறது என்பதை திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் 1947இல் தெளிவாகவே வரையறுத்துவிட்டார்: தலைமேல் கை வைப்பதும் அதோடு சேர்ந்த திருநிலைப்பாட்டு மன்றாட்டும். கணினித் திரைக்கு அந்தப் பக்கம் இருந்து கை நீட்டுவது எந்த மரபிலும் கைவைப்பு ஆகாது.

ஆனால் தூண் எல்லாருக்கும் ஒரே உறுதியில் இல்லை. அமெரிக்காவில் குடியேறிய போலந்து மக்கள் தொடங்கிய போலந்து தேசியக் கத்தோலிக்கச் சபையின் அருளடையாளங்களை உரோமை ஏற்கிறது. குறிப்பிட்ட சூழல்களில் அதன் மக்கள் கேட்டால் உரோமைக் குரு நற்கருணை கொடுக்கலாம். மறுபுறம், 1976இல் ஸ்பெயினின் பல்மாரில் வியட்நாமியப் பேராயர் தூக் செய்த திருநிலைப்பாடுகளையும், 2006இல் சாம்பியாவின் பேராயர் மிலிங்கோ திருமணமான நால்வரை ஆயராக்கியதையும், ‘அங்கீகரிக்கவில்லை, இனியும் அங்கீகரிக்கும் எண்ணமில்லை’ என்ற தொனியில் உரோமை ஒதுக்கிவிட்டது. செய்தவர்கள் இருவருமே உண்மையான பேராயர்கள் என்பதைக் கவனியுங்கள்.

பிரேசிலின் கதை ஒன்று உண்டு, சுயாதீன ஆயர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் கதை. கார்லோஸ் துவார்த்தே கோஸ்தா 1945இல் உரோமையை விட்டு விலகித் தனிச்சபை தொடங்கி, சலோமாவோ ஃபெராஸ் என்பவரை ஆயராக்கினார். ஃபெராஸ் திருமணமானவர், பிள்ளைகளும் உண்டு. அவர் 1959இல் உரோமையோடு சேர்ந்தபோது மறுபடி திருநிலைப்படுத்தாமலே ஆயராக ஏற்றார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கத்திலும் அமர்ந்தார். நடந்தது உண்மைதான். ஆனால் ஒரு மனிதருக்கு நடந்ததைச் சட்டமாக நினைத்து வாழ்க்கையை அமைத்துக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் இப்போது உரோமைக் கத்தோலிக்கர் என்றால் விளைவைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். வேறு சபையில் சேர்ந்து திருநிலைப்பாடு பெறுவதை உரோமை பிரிவினையாகப் பார்க்கும். திருச்சபைச் சட்டத்தில் அதற்குச் சபைவிலக்கம் என்ற தண்டனை உண்டு. நீங்கள் நடத்தும் கத்தோலிக்கத் திருமணம் உரோமையின் கணக்கில் ஏறாது. நீங்கள் கேட்கும் ஒப்புரவும் (பாவசங்கீர்த்தனம்), அதற்கான அதிகாரம் உங்களுக்குத் தரப்படவில்லை என்பதால், அந்தக் கணக்கில் ஏறாது. உங்களிடம் வரும் மக்களுக்கு இதை மறைத்தால் அது பொய். சுயாதீனச் சபைகளில் நான் மதிக்கும் குருக்கள் எல்லாரும் முதல் சந்திப்பிலேயே, ‘நாங்கள் உரோமைச் சபை இல்லை’ என்று வாய்விட்டுச் சொல்லிவிடுகிறவர்கள்.

இனி படிப்பு. குருமடம் என்பதற்கு மேல்நாட்டு மொழிகளில் வழங்கும் சொல்லின் மூலம், இலத்தீனில் ‘நாற்றங்கால்’ என்று பொருள்படும். திரெந்து சங்கம் 1563 ஜூலையில் அந்தச் சொல்லைப் போட்டுத்தான் ஒவ்வொரு மறைமாவட்டமும் ஒன்று தொடங்க வேண்டும் என்று ஆணையிட்டது. 12 வயதுக்குக் குறையாத, எழுதப் படிக்கத் தெரிந்த பையன்கள், குறிப்பாக ஏழை வீட்டுப் பிள்ளைகள். அதற்கு முன் 1,500 ஆண்டுகள் குருமடம் இல்லாமலேதான் குருக்கள் உருவானார்கள். பேராலயப் பள்ளிகள், மடங்கள், பல்கலைக்கழகங்கள், பெரும்பாலும் ஒரு மூத்த குருவின் பக்கத்தில் நின்று கற்ற கல்வி. அதனால் ‘குருமடக் கட்டடம் இல்லையே, இது எப்படிக் குருமடம்?’ என்று கேட்பது பொருத்தமான எதிர்ப்பு இல்லை. நாற்றங்காலுக்குச் சுவர் அவசியமில்லை. ஆனால் நாற்றைத் தினமும் குனிந்து பார்க்கிற ஓர் ஆள் வேண்டும்.

உரோமைச் சட்டம் குறைந்தது இரண்டு ஆண்டு மெய்யியல், நான்கு ஆண்டு இறையியல் கேட்கிறது. உத்ரெக்ட் ஒன்றியச் சபைகள் பல்கலைக்கழகத்தை நம்புகின்றன. பெர்ன் பல்கலைக்கழகத்தில் 1874 முதல் பழைய கத்தோலிக்க இறையியல் கற்பிக்கப்படுகிறது, பான் பல்கலைக்கழகத்திலும் அதற்கென்று தனித்துறை உண்டு. போலந்து தேசியச் சபைக்கு அமெரிக்காவின் ஸ்க்ரான்டனில் சொந்தக் குருமடம் இருக்கிறது. இவற்றைத் தவிர்த்த சிறு சபைகளில் நடப்பது பெரும்பாலும் தொலைவழிப் படிப்புதான்: மாதம் ஒரு பாடத்தொகுப்பு, கட்டுரைகள், வாரம் ஒருமுறை வீடியோ வகுப்பு, ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை நேரில் கூடுதல். சில இடங்களில் ஆயரே ஒற்றை ஆசிரியர், ஒற்றைத் தேர்வாளர், ஒற்றைப் பதிவாளர்.

தொலைவழிக் கல்வியை நான் குறைத்துப் பேச மாட்டேன். 1963இல் குவாத்தமாலாவில் பிரெஸ்பிட்டேரியன் குருமடம் ஒன்று, நிலத்தையும் குடும்பத்தையும் விட்டு வரமுடியாத ஊழியர்களைத் தேடி ஆசிரியர்களையே அனுப்பியது. அந்த முறை உலகம் முழுக்கப் பரவியது. அது வெற்றி பெற்றதற்குப் புத்தகம் மட்டும் காரணமில்லை, வாரம் தவறாத நேரடிச் சந்திப்பும் காரணம். பல ஆன்லைன் குருமடங்கள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு சந்திப்பை விட்டுவிட்டன.

மூன்று ஆண்டு போதுமா என்பதற்கு ஒரு கூட்டல் கணக்குப் போட்டுப் பாருங்கள். வேலைக்குப் போகிறவர் வாரத்துக்கு 10 மணி நேரம் உண்மையாகப் படித்தால் பெரிய விஷயம். ஆண்டுக்கு 45 வாரம் என்றால் 450 மணி. மூன்று ஆண்டில் 1,350. முழுநேர மாணவர் வாரம் 40 மணி வீதம் 36 வாரம் படித்தால் ஒரே ஆண்டில் 1,440. அதாவது உங்கள் மூன்று ஆண்டு, அவருடைய ஒரு ஆண்டுக்கும் கொஞ்சம் குறைவு. முன்பே இறையியல் படித்தவர், மறைக்கல்வி நடத்திப் பழகியவர் என்றால் கணக்கு மாறும். புதிதாகத் தொடங்குபவருக்கு ஐந்தாறு ஆண்டு கேட்கும் சபைதான் உங்களை மதிக்கிறது. அவசரப்பட்டு யார்மேலும் கைகளை வைக்காதே என்று திமொத்தேயுவுக்கு எழுதிய முதல் கடிதம் சொல்கிறது (5:22). அது கை வைப்பவருக்கு மட்டுமல்ல, தலை கொடுப்பவருக்கும் சேர்த்துத்தான்.

பாடத்திட்டத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். விவிலியம் இரண்டு ஏற்பாடும், கோட்பாட்டு இறையியல், அறநெறி இறையியல், வழிபாடு, திருச்சபை வரலாறு, சட்டம், மறையுரை, மேய்ப்புப்பணி. இவ்வளவும் எந்தத் திட்டத்திலும் இருக்கும். நான் முதலில் தேடுவது வேறு இரண்டு. மெய்யியல் இருக்கிறதா? சிறு சபைகள் முதலில் வெட்டுவது அதைத்தான். ‘சாரம்’, ‘ஆள்’, ‘இயல்பு’ என்ற சொற்களில் எதைப் பற்றிச் சண்டை என்று தெரியாமல் நிசேயா, கால்செதோன் சங்கங்களின் முடிவுகளை மனப்பாடம் செய்தவர்களின் விடைத்தாள்களை நான் கட்டுக்கட்டாகத் திருத்தியிருக்கிறேன். அடுத்தது, தங்கள் சபையின் சொந்த வரலாற்றை நேர்மையாகச் சொல்லிக்கொடுக்கிறார்களா? மேத்யூவின் 1908ஐச் சொல்லிவிட்டு 1910ஐ விட்டுவிடும் பாடப்புத்தகம் என்றால், மற்றப் பாடங்களையும் சந்தேகத்தோடு படியுங்கள்.

அறிவு பாதிதான். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1992இல் குருக்கள் உருவாக்கத்தைப் பற்றி எழுதியபோது நான்கு பக்கம் சொன்னார்: மனிதப் பக்குவம், ஆன்மிகம், அறிவு, மேய்ப்புப்பணி. மனிதப் பக்குவத்தை முதலில் வைத்தது தற்செயல் இல்லை. குருமடத்தில் நான் கற்றவற்றில் பாதி வகுப்பறைக்கு வெளியே கற்றது. கூடத்தில் பாத்திரம் கழுவும்போது யார் நழுவுகிறார், தோற்றால் யார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார் என்பதை உடன் இருப்பவர்கள் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கண்கள்தான் உருவாக்கம். வீட்டில் கணினி முன் உட்கார்ந்து படிக்கிறவர் தன்னில் எதைக் காட்ட விரும்புகிறாரோ அதை மட்டும் காட்டலாம்.

என்னிடம் படித்த ஒருவர் திருமுழுக்கு பற்றிய மூன்றாம் நூற்றாண்டு ஆயர் சிப்ரியானுடைய சர்ச்சையை ஆண்டு வாரியாகச் சொல்வார். அருமையான மாணவர். குருவான பிறகு முதல் முறையாக நோயாளி ஒருவருக்கு எண்ணெய் பூசப் போனார். பதற்றத்தில் இருபது நிமிடம் அந்த அருளடையாளத்தின் வரலாற்றை விளக்கிக்கொண்டிருந்தாராம். கடைசியில் நோயாளியின் மகள், ‘சாமி, கொஞ்சம் செபம் பண்ணுங்களேன்’ என்று கேட்க வேண்டியதாயிற்று. அவரே சிரித்துக்கொண்டு சொன்ன கதை இது. அடுத்த ஆண்டே அவர் மருத்துவமனை ஒன்றில் மேய்ப்புப்பணிப் பயிற்சிக்குச் சேர்ந்தார். அமெரிக்காவில் அந்தப் பயிற்சியின் ஒரு அலகே 400 மணி நேரம். நோயாளிகளைச் சந்திக்க வேண்டும், நடந்த உரையாடலை எழுதி வர வேண்டும், சக பயிற்சியாளர்கள் அதை வரி வரியாகப் பிரித்துக் கேள்வி கேட்பார்கள். உங்களுக்கு எட்டும் தூரத்தில் இதுபோல ஏதாவது இருந்தால், திருநிலைப்பாட்டுக்கு முன்பே செய்துவிடுங்கள்.

பட்டச் சான்றிதழ் பற்றிக் கொஞ்சம். சபை தன் குருக்களுக்காக நடத்தும் பயிற்சி வேறு, கல்வித்துறை ஏற்கும் பட்டம் வேறு. முதலாவதற்கு அரசின் அங்கீகாரம் தேவையில்லை, அதில் குற்றமும் இல்லை. ஆனால் அந்தச் சான்றிதழோடு மருத்துவமனையிலோ சிறையிலோ ஆன்ம ஆலோசகர் வேலைக்குப் போனால், அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகப் பட்டம் எங்கே என்று கேட்பார்கள். வசதி இருந்தால் இறையியலை ஓர் அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்தில் படித்து, வழிபாட்டையும் மேய்ப்புப்பணியையும் சபையிடம் கற்றுக்கொள்ளுங்கள். எதிர்காலத்தில் சபை உடைந்தாலும் பட்டம் உங்களிடம் இருக்கும். உடைவது அரிது இல்லை. ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குப் பொறுமை கிடையாது: ஆறு மாதத்தில் ‘இறையியல் முனைவர்’ பட்டம் தரும் குருமடங்கள். பெயருக்கு முன்னால் மூன்று பட்டம் போட்டுக்கொள்ளும் ஆசை எங்கே இருக்கிறதோ அங்கே மக்கள் இருப்பதில்லை.

படிகள் எப்படி வரும்? உரோமை 1972இல் கதவுகாவலர், பேயோட்டுபவர் போன்ற பழைய சிறு பட்டங்களை எடுத்துவிட்டு, வாசகர், பீடத்துணைவர் என்ற இரண்டு பணிகளை மட்டும் வைத்துக்கொண்டது. சுயாதீனச் சபைகளில் பல, பழைய படிகள் அத்தனையும் இன்றும் கொடுக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் நடுவே மாதக்கணக்கில் இடைவெளி விட்டு, ஒவ்வொன்றிலும் ஏதாவது வேலை கொடுத்தால் அது நல்ல பயிற்சி. ஒரே வார இறுதியில் வெள்ளிக்கிழமை வாசகர், சனிக்கிழமை திருத்தொண்டர், ஞாயிற்றுக்கிழமை குரு என்று முடித்தால் அது பயிற்சி இல்லை. திருத்தொண்டராகக் குறைந்தது ஓர் ஆண்டாவது இருங்கள். அங்கே உங்களுக்குப் பீடத்தின் நடு இடம் கிடைக்காது. மற்றவருக்கு நற்செய்தி வாசிப்பீர்கள், பாத்திரம் துடைப்பீர்கள், அடக்கத்துக்குப் போவீர்கள். அது கசந்தால் அந்தக் கசப்பே ஒரு செய்தி. சபை மாறி வருகிறவர்களைச் சில ஆயர்கள் ‘ஐயம் தீர்க்க’ என்று மறுபடி திருநிலைப்படுத்துவதும் உண்டு. மூன்று நான்கு முறை அப்படிக் கை வைக்கப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குத் தீராமல் இருந்தது ஐயம் இல்லை என்று நினைக்கிறேன்.

பணம் பற்றி ஒரே வார்த்தை: சம்பளம் எதிர்பார்க்காதீர்கள். சிறு சபைகளில் மிகப்பெரும்பாலான குருக்கள் வேறு வேலை பார்த்துத்தான் வாழ்கிறார்கள். அங்கி, கிண்ணம், வாடகைக் கூடம் எல்லாம் உங்கள் கையிலிருந்துதான் போகும்.

அந்த ஆயரைப் பார்க்கப் போகும்போது, அவரது வழிமரபுப் பட்டியலைவிட, இவற்றை விசாரியுங்கள். ஞாயிற்றுக்கிழமை எங்கே திருப்பலி நடக்கிறது, நான் வந்து பின்னால் உட்காரலாமா? கடைசியாக எந்த மாணவரை ‘வேண்டாம்’ என்று அனுப்பினீர்கள்? உங்கள் முடிவு தவறு என்றால் யாரிடம் முறையிடுவது, மேலே மன்றம் உண்டா? சிறுவர் பாதுகாப்புக்கு எழுதிவைத்த விதி உண்டா, சேருமுன் பின்னணிச் சோதனை செய்வீர்களா? உங்களுக்குப் பிறகு இந்தச் சபையை யார் நடத்துவார்? இரண்டாவது கேள்விக்கு ‘எங்களிடம் வந்த யாரையும் நாங்கள் திருப்பி அனுப்பியதில்லை’ என்று பெருமையாகப் பதில் வந்தால், நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுவேன். ஆன்ம வழிகாட்டியாக அந்தச் சபையைச் சேராத ஒருவரை வைத்துக்கொள்ள அனுமதிக்கிறாரா என்பதையும் பாருங்கள். அனுமதிப்பவர் பயமில்லாதவர்.

இன்னொரு வழியையும் சொல்லாமல் விடக்கூடாது. உங்களை இழுப்பது உண்மையில் பணிதான் என்றால், உரோமைச் சபைக்குள்ளேயே திருமணமான ஆண்களுக்கு நிரந்தரத் திருத்தொண்டர் பணி உண்டு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் மீட்டெடுத்தது, திருத்தந்தை 6ஆம் பவுல் 1967இல் விதி வகுத்தார். எல்லா மறைமாவட்டங்களும் அதை நடைமுறைப்படுத்துவதில்லை, உங்கள் மறைமாவட்டத்தில் விசாரிக்க வேண்டும். திருமுழுக்குக் கொடுக்கலாம், திருமணத்தை நடத்தலாம், மறையுரை ஆற்றலாம், அடக்கம் செய்யலாம். திருப்பலி நிறைவேற்ற முடியாது, ஒப்புரவு கேட்க முடியாது. அந்த இரண்டும் இல்லாமல் முடியாது என்று தோன்றினால், அது ஏன் என்று ஆன்ம வழிகாட்டியிடம் ஓர் ஆண்டு பேசுங்கள்.

அந்தப் பணிக்கான சட்டத்தில் ஒரு விதி இருக்கிறது: திருமணமானவர் 35 வயது நிறைந்திருக்க வேண்டும், மனைவியின் சம்மதமும் வேண்டும். வயது உங்களுக்கு ஆகிவிட்டது. ஆனால் நீங்கள் இவ்வளவு நீளமாக எழுதிய கேள்வியில் மனைவி என்ன நினைக்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை. எந்தச் சபையானாலும், விண்ணப்பத்தை நிரப்புவதற்கு முன் அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். ‘வேண்டாம்’ என்று உங்களிடம் முதலில் சொல்லக்கூடியவர் ஆயர் இல்லை, அவர்தான்.